எதிரெதிர் அணியில் இரு உடன்பிறந்தார்

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–1865) ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட வீரரைப் பலிகொண்டது, குடும்பங்களையும் பிளந்தது. கென்டக்கி செனட்டர் ஜான் கிரிட்டென்டனின் மைந்தருள் ஜார்ஜ் தெற்கின் படைத்தலைவர். தாமஸ் வடக்கின் படைத்தலைவர். கும்பகருணனும் வீடணனும் களத்தில் சந்தித்ததைக் கம்பனிடம் கற்ற நமக்கு இவ்வேதனை புதிதன்று.

இதனைச் சிறுசெலவுக் குதிரைவீரர் படங்களும் கையாண்டன. 1951இல் வெளிவந்த ‘தி லாஸ்ட் அவுட்போஸ்ட்’ அவற்றுள் ஒன்று. தயாரிப்பாளர்களான வில்லியம் பைன், வில்லியம் தாமஸ் இருவரும் சிக்கனத்தால் ‘டாலர் பில்கள்’ என்றே பெயர் பெற்றவர்கள். (வில்லியத்தின் சுருக்கமும் பில், பணத்தாளும் பில்!) தெற்கின் குதிரைப்படைத் தலைவன் வான்ஸாக நடித்தவர் ரொனால்ட் ரீகன், 1981இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான அவரேதான். வடக்கின் அதிகாரியான உடன்பிறந்தான் ஜெப்பாகத் தோன்றியவர் புரூஸ் பென்னெட்.

கதைக்களம் அரிசோனா. வடக்கிற்குச் செல்லும் பொருள்களை வான்ஸ் சூறையாடுகிறான். அவனைத் தடுக்க வருபவன் ஜெப். பகை முற்றும் வேளையில் அப்பாச்சியர் தாக்குகின்றனர். தென்படை விரைந்துவந்து வடபடையைக் காக்கிறது.

இங்கேதான் நமக்கு நெருடுகிறது. அப்பாச்சியருக்கோ அது தாய்மண். அவர்தம் குருதியைக் கொண்டு வெள்ளைச் சகோதரரின் பகை கழுவப்படுகிறது. போருக்கு மூலமான அடிமைமுறையைக் கதை தன் பொருளாகக் கொள்ளவேயில்லை. வரலாறோ வேறு. 1862 ஜூலையில் அப்பாச்சிக் கணவாயில் கோச்சீஸும் மங்காஸ் கொலராடாஸும் வடபடையை எதிர்த்து நின்றனர். உதவிக்கு ஓடிவரத் தென்படை அங்கில்லை. இரு திங்கள் முன்பே அது டூசான் நகரைவிட்டு நீங்கியிருந்தது.