அம்மா இல்லாத படம்

'லைஃப்' பத்திரிகையோட 1965 ஏப்ரல் 30 இதழின் அட்டைப்படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீங்க. பேர் தெரியாட்டியும் படம் ஞாபகம் இருக்கும். 18 வாரக் கரு ஒண்ணு, கண்ணை மூடிக்கிட்டு, மெல்லிய பனிக்குடத்துக்குள்ள சுருண்டு கிடக்கும். சுத்தி ஒரே இருட்டு. எடுத்தவர் லென்னார்ட் நில்சன், ஸ்வீடன்காரர். 1950-கள்ல ஆரம்பிச்ச வேலை அது. அந்த இதழ் 80 லட்சம் பிரதி, நாலே நாள்ல காலியாச்சுன்னு சொல்வாங்க.

மூணு வருஷம் கழிச்சு, 1968-ல் வந்த குப்ரிக்கோட '2001' படத்தோட கடைசிக் காட்சியைப் பாருங்க. விண்வெளியில ஒரு சிசு மிதக்கும். (படம் புரியலைன்னு பாதில எழுந்து போனவங்க, அந்தக் காட்சியை மட்டுமாவது யூட்யூப்ல பாருங்க மக்களே.) 1977-ல் வாயேஜர் விண்கலத்துல அனுப்பின தங்கத் தட்டுலயும் கருத்தரிப்பு பற்றின நில்சன் படம் போயிருக்கு. மனுஷன் எப்படிப் பிறக்கிறான்னு வேற்றுகிரகவாசிக்குச் சொல்லித் தர ஸ்வீடன் போட்டோகிராபர்!

சரி, விஷயத்துக்கு வருவோம். அட்டையில அது உயிருள்ள கருன்னு போட்டிருந்தாங்க. உள்ளே புரட்டிப் படிச்சா வேற கதை. நாலரை மாசத்துல அறுவை சிகிச்சை செஞ்சு வெளியே எடுக்க வேண்டி வந்த கரு அது. எடுத்த கொஞ்ச நேரத்துல படம் பிடிச்சிருக்காங்க. அது பிழைக்கலை. அந்தத் தொகுப்புல மத்த படங்களும் பெரும்பாலும் அப்படித்தான், பல்வேறு மருத்துவக் காரணங்களுக்காக வெளியே எடுத்த கருக்கள். நிஜமாவே தாயோட வயித்துக்குள்ள, உயிரோட இருக்கும்போது எடுத்த படம் ஒண்ணே ஒண்ணு. குழாய் மாதிரி ஒரு கருவியில சின்ன லென்ஸும் ஃப்ளாஷும் பொருத்தி எடுத்தது. மத்ததெல்லாம் வெளியே வச்சு, லைட் போட்டு, பொறுமையா எடுத்தவை. அதனாலதான் அவ்வளவு அழகு.

இதை ஏமாத்துவேலைன்னு நான் சொல்ல மாட்டேன். பத்திரிகை மறைக்கலை, உள்ளே எழுதித்தான் இருந்தது. ஆனா அட்டை சுவத்துல ஒட்டப்படும், உள்பக்கம் பழைய பேப்பர்காரர்கிட்ட போயிடும். 'பிறப்புக்கு முந்தைய வாழ்க்கை நாடகம்'ங்கற மாதிரி தலைப்பு வேற. வாழ்க்கைன்னு உலகமே கொண்டாடின படத்துக்குப் பின்னால, அன்னிக்கு ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில்ல கர்ப்பத்தை இழந்த ஒரு பெண் இருந்திருக்கா. ஸ்வீடன்ல 1938-லேர்ந்தே சில காரணங்களுக்குக் கருக்கலைப்புக்கு அனுமதி உண்டு. அந்தப் பெண்கள் இல்லாம இந்தப் படங்களே இல்லை. படத்துல மட்டும் அவங்க இல்லை.

விளைவு மெதுவா வந்துது. அமெரிக்காவுல 1973-ல் ரோ எதிர் வேட் தீர்ப்பு, கருக்கலைப்பு உரிமை. அதை எதிர்த்தவங்க கையில தூக்கின பதாகைகள்ல இந்த மாதிரிக் கருப் படங்கள்! சட்டப்படி கலைக்கப்பட்ட கருக்களோட படங்கள், கலைப்புக்கு எதிரா சாட்சி சொல்லப் போயாச்சு. 1986-ல் பார்பரா காட்ஸ் ராத்மன்ங்கற சமூகவியலாளர் இதைச் சரியாப் பிடிச்சார். கரு ஒரு விண்வெளி வீரன் மாதிரி மிதக்குது, தொப்புள்கொடிதான் அவனோட கயிறு, அப்ப அம்மா எங்கேன்னு கேட்டார். அவ வெறும் வெட்டவெளி ஆயிட்டாங்கறதுதான் அவரோட பதில். (2022-ல் அந்த 1973 தீர்ப்பையே உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு.)

போன மாசம் நண்பன் ஒருத்தன் வாட்ஸப்ல ஸ்கேன் படம் அனுப்பினான். அப்பா ஆகப் போறானாம். கருப்பு வெள்ளையில நடுவுல குட்டியூண்டு ஒரு உருவம். ஓரத்துல பொடி எழுத்துல அவன் மனைவி பேரும் வயசும். அம்மாவுக்குக் கிடைச்ச இடம் ஒரு வரி!

இதுக்குப் பதில் சொன்ன மாதிரி ஒரு வேலை எனக்குத் தெரிஞ்சு ஹெலன் சாட்விக் செஞ்சது. பிரிட்டிஷ் கலைஞர், 1987-ல் டர்னர் பரிசுக்கான இறுதிப் பட்டியல்ல இருந்தவர். 1990-களின் நடுவுல லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையோட செயற்கைக் கருத்தரிப்புப் பிரிவுல தங்கி வேலை பார்த்தார். முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் 1978-ல் பிறந்து அப்ப பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. இந்தச் சிகிச்சையில கர்ப்பப்பைக்குப் போகாத கருக்கள் மிஞ்சும். சம்பந்தப்பட்ட தம்பதிகளோட சம்மதத்தோட அந்தக் கருக்களைத்தான் அவர் மைக்ராஸ்கோப் வழியாப் படம் எடுத்தார். ஒவ்வொண்ணும் ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குதான். நில்சன் கருவுக்கு இருந்த முகம், விரல் எதுவும் கிடையாது, சில செல்கள் அவ்வளவே.

அந்தப் படங்களை அவர் நகை மாதிரிப் பதிச்சார், மோதிரம், மாலை பாணியில. ஒண்ணுக்குப் பேர் 'ஓபல்', ரத்தினக் கல். இன்னொண்ணுக்கு 'மான்ஸ்ட்ரன்ஸ்', அதாவது கத்தோலிக்கக் கோவில்ல நற்கருணையை வச்சுக் காட்டுற கதிர்ப்பாத்திரம். மொத்தத் தொகுப்புக்குப் பேர் 'இயற்கையல்லாத தேர்வு'. டார்வினை வம்புக்கு இழுக்கிறார் :-) எந்தக் கரு உள்ளே போகணும், எது வேண்டாம்னு தேர்ந்தெடுக்கிறது இப்ப மைக்ராஸ்கோப் முன்னாடி உக்காந்திருக்கிற மனுஷன்தானே. நகைன்னா விலை உண்டு, அதை ஒருத்தர் போட்டுக்கணும், பரம்பரையா வரும், தொலைஞ்சா அழுவோம். கருவை அப்படிக் காட்டும்போது, இதுக்குச் சொந்தக்காரங்க யாருங்கற கேள்வி தானா வந்து நிக்குது. நில்சன் படத்துல அந்தக் கேள்விக்கே இடமில்லாம இருட்டா இருக்கும். அதனால எனக்கு சாட்விக் ஒரு படி மேல. அழகுபடுத்திட்டார்னு குறை சொல்றவங்க சொல்லட்டும்.

1996 மார்ச்ல, அந்த வேலைகள் முடிஞ்ச கையோட, 42 வயசுல திடீர்னு மாரடைப்புல இறந்துட்டார். பிரிட்டன்ல 1990 சட்டப்படி உறைய வச்ச கருக்களை அஞ்சு வருஷம்தான் வச்சிருக்கலாம்னு அப்ப விதி. தம்பதிகள் எழுதிக் கொடுத்தா நீட்டிக்கலாம். முதல் கெடு அதே வருஷம் ஆகஸ்ட்ல வந்துது. பல பேர் வீடு மாறிப் போயிருந்தாங்க, கடிதத்துக்குப் பதில் இல்லை. 3,000-க்கும் மேற்பட்ட கருக்களை உறைகலன்லேர்ந்து வெளியே எடுத்து அழிச்சாங்க.