புதிய வாடிக்கையாளர்களைப் பெறுவது எப்படி? சிறு வணிகர்களுக்குச் சில ஆலோசனைகள்

அத்தர், புர்கா தையல், பிரியாணி மசாலா, வீட்டிலேயே செய்யும் தின்பண்டங்கள் எனச் சிறிய முதலீட்டில் தொழில் தொடங்கும் சகோதர சகோதரிகள் நம்மிடையே ஏராளம். முதல் இரண்டு மாதங்கள் வியாபாரம் நன்றாகவே போகும். உறவினர்களும் நண்பர்களும் மஹல்லாவாசிகளும் வந்து வாங்குவார்கள். அந்த வட்டம் முடிந்ததும் விற்பனை படுத்துவிடும். நம்மை அறியாத ஒருவர் நம்மிடம் வந்து வாங்கத் தொடங்கினால்தான் தொழில் நிலைக்கும். அதற்கான வழிகளையும், அதில் மார்க்கம் வகுத்துள்ள எல்லைகளையும் பார்ப்போம்.

1. முதலில் சந்தையை அறியுங்கள்

மக்காவிலிருந்து வெறுங்கையுடன் மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்சாரித் தோழர் சஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ அதை ஏற்காமல், வியாபாரம் நடக்கும் சந்தை எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். பனூ கைனுகா சந்தைக்குச் சென்று பாலாடைக்கட்டியும் நெய்யும் ஈட்டி வந்தார்கள். மறுநாளும் சென்றார்கள் (புகாரி 2048). மக்கள் ஏற்கனவே கூடும் இடம், அன்றாடம் தேவைப்படும் பொருள், விடாத முயற்சி ஆகிய மூன்றும் இதில் இருக்கின்றன.

நாமும் ஒரு நோட்டில் இருந்து தொடங்கலாம். கடைசியாக வாங்கிய 30 பேர் யார், எந்தப் பகுதியினர், யார் சொல்லி வந்தார்கள், எதை வாங்கினார்கள் என்று எழுதுங்கள். பெரும்பாலோர் ஒரே பகுதியிலிருந்தோ ஒரே காரணத்துக்காகவோ வந்திருப்பது தெரிந்தால், அடுத்து யாரைத் தேடிப் போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

2. பழைய வாடிக்கையாளரே புதியவரை அழைத்து வருவார்

திருப்தியடைந்த ஒருவர் தம் அண்டை வீட்டாரிடம் சொல்லும் ஒரு சொல்லுக்கு ஈடான விளம்பரம் இல்லை. விற்கும்போதும் வாங்கும்போதும் கடனைத் திருப்பிக் கேட்கும்போதும் பெருந்தன்மையாக நடப்பவருக்கு அல்லாஹ்வின் அருள் கிடைக்க நபி (ஸல்) அவர்கள் பிரார்த்தித்துள்ளார்கள் (புகாரி 2076). வாங்கியவர் மனம் மாறித் திருப்பித் தந்தால் ஏற்றுக்கொள்வதை ஃபிக்ஹில் 'இகாலா' என்பர். அதுவும் நன்மைக்குரிய செயலே.

தைத்த புர்காவின் அளவு தவறினால் முகம் சுளிக்காமல் சரிசெய்து கொடுங்கள். பிறகு, "உங்களுக்குத் தெரிந்தவர்களிடமும் சொல்லுங்கள்" என்று வெளிப்படையாகவே கேளுங்கள். கேட்கக் கூச்சப்படுவதாலேயே பலர் இந்த வாய்ப்பை இழக்கிறார்கள்.

3. தேடுபவர் கண்ணில் படுங்கள்

கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. பெயர், முகவரி, தொலைபேசி எண், திறந்திருக்கும் நேரம், நீங்களே எடுத்த படங்கள் ஆகியவை சரியாக இருக்கட்டும். ஜும்ஆ நேரத்தில் அடைப்பீர்கள் என்றால் அதையும் குறிப்பிடுங்கள். வந்து பார்த்துத் திரும்பியவர் மறுபடி வருவது அரிது.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருள்களின் படத்தையும் விலையையும் பட்டியலாக வைக்கலாம். அதன் 'பிராட்காஸ்ட்' வழியாக அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கே போய்ச் சேரும். எனவே பில் போடும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். ஊர்க் குழுமங்களில் தினமும் விளம்பரம் போட்டுத் தொல்லை கொடுக்காதீர்கள்.

4. மொத்தமாக வாங்குவோரை அணுகுங்கள்

நூறு பேரைத் தனித்தனியாகத் தேடுவதைவிட, மாதந்தோறும் வாங்கும் ஒரு விடுதியோ, கல்யாணச் சமையல் ஒப்பந்தக்காரரோ, மளிகைக் கடையோ கிடைப்பது மேல். மாதிரிப் பொருளும் விலைப்பட்டியலும் எடுத்துக்கொண்டு நேரில் செல்லுங்கள். உணவுப் பொருள் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு கட்டாயம். உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். இதற்கென்று பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் ஏமாற வேண்டாம். கடனுக்குக் கொடுத்தால் தொகையையும் தவணையையும் எழுதிக்கொள்ளுங்கள். அல்குர்ஆன் 2:282 வசனம் இதைத்தான் கற்பிக்கிறது.

5. தாண்டக் கூடாத எல்லைகள்

வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிக் கேட்டு மற்றவரை ஏமாற்றுவதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். இதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் (புகாரி 2142). வாங்காதவர்களை வைத்து இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வதும் இதே வகை ஏமாற்றுதான். இணைய விமர்சனங்களில் நேர்மையைக் காக்க இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிடும் அளவுக்கு இது பெருகியிருக்கிறது.

ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தில் குறுக்கிட்டு, "நான் குறைத்துத் தருகிறேன்" என்று இழுப்பதும் தடுக்கப்பட்டது. பக்கத்துக் கடைக்காரரின் வாடிக்கையாளரைப் பறிப்பதற்கும், நம் தரத்தைக் கண்டு ஒருவர் தாமாக வருவதற்கும் வேறுபாடு உண்டு.

"அல்லாஹ் மீது ஆணையாக அசல் விலைக்கே தருகிறேன்" என்ற பேச்சு வேண்டாம். சத்தியம் செய்வது சரக்கை விற்றுத் தரும். ஆனால் பரக்கத்தை அழித்துவிடும் என்பது நபிமொழியின் கருத்து (புகாரி 2087). தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்து, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள் (முஸ்லிம்). படத்தில் ஒரு துணி, பார்சலில் வேறு துணி என்பது இன்றைய ஈரக் குவியல். ஒரு முறை ஏமாந்தவர் தாம் வராமல் இருப்பதோடு நிற்பதில்லை, பத்துப் பேரையும் தடுத்துவிடுகிறார்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையை மறைக்காமல் இருந்தால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்பது நபி (ஸல்) அவர்கள் தந்த நற்செய்தி (புகாரி 2079). ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். தேடுவது நம் பொறுப்பு. இந்த வாரமே அந்த 30 பெயர்களை எழுதத் தொடங்குங்கள். ஹலாலான வழியில் எடுக்கும் முயற்சி வீணாகாது, இன்ஷா அல்லாஹ்.