தொப்பியில் இல்லாத பிளேடு

கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த என் அண்ணன் மகன் ஒருநாள் தலையின் இரு பக்கமும் ஒட்ட மழித்து, உச்சியில் மட்டும் முடியை விட்டுக்கொண்டு வந்து நின்றான். அண்ணி திட்டித் தீர்த்தார். அவன் விளக்கம் சொன்னது என்னிடம். "அத்தை, இது தாமஸ் ஷெல்பி கட்டிங். 'பீக்கி பிளைண்டர்ஸ்' பாத்திருந்தா உங்களுக்குத் தெரியும்." கைபேசியைத் திறந்து காட்டினான். புகை மண்டிய தெரு, கறுப்புக் குதிரை, நீளக் கோட்டு, கண்ணை மறைக்கும் தொப்பி, நிதானமாக நடந்துவரும் ஒருவன். பின்னணியில் தமிழ்ப் படம் ஒன்றின் இசையை யாரோ ஒட்டியிருந்தார்கள். நான் முகம் சுளித்ததைக் கண்டதும் எனக்கு ஏற்ற ஒரு காரணத்தையும் சேர்த்துக்கொண்டான். "பொம்பளை கேரக்டர் எல்லாம் செம ஸ்ட்ராங் அத்தை. உங்களுக்குப் பிடிக்கும்."

பிடித்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 2013 முதல் 2022 வரை பிபிசியில் வந்த தொடர். ஆறு சீசன், 36 பகுதிகள். முதல் உலகப்போர் முடிந்து பர்மிங்காமின் ஸ்மால் ஹீத் பகுதிக்குத் திரும்பும் ஷெல்பி சகோதரர்கள், குதிரைப் பந்தயச் சூதாட்டத்திலிருந்து நாடாளுமன்றம் வரை ஏறிப்போகும் கதை. பெண்கள் கல்லூரியில் வரலாறு நடத்தும் நான், விடைத்தாள் திருத்த வேண்டிய இரவுகளில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷெல்பி நடந்துவரும்போதெல்லாம் எனக்கும் முதுகு நிமிர்ந்தது. ஒரு ரவுடியின் நடைக்கு நான் ஏன் நிமிர்கிறேன் என்ற கேள்வி பிறகுதான் வந்தது.

நான் மட்டுமல்ல. 2018ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த குழந்தைகளின் பெயர்களை வெளியிட்டபோது, 1920களுக்குப் பிறகு முதன்முறையாக ஆர்தர் என்ற பெயர் ஆண் குழந்தைகளின் முதல் பத்துக்குள் வந்திருப்பதாகவும், ஏடா என்ற பெயர் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு பெண் குழந்தைகளின் முதல் நூறுக்குள் வந்திருப்பதாகவும் அந்நாட்டின் புள்ளியியல் அலுவலகம் சொன்னது. இந்தத் தொடர் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டது. ஆர்தர், தொடரில் வரும் மூத்த சகோதரன், ஏடா, தங்கை. 2023இல் அமெரிக்காவில், குடியரசுத் தலைவர் வேட்பாளராக விரும்பிய ஃபுளோரிடா ஆளுநர் ரான் டிசான்டிஸின் பிரச்சாரத் தரப்பு பகிர்ந்த ஒரு காணொளியில் ஷெல்பியின் முகம் வந்தது. தன்பால் ஈர்ப்பினருக்கு எதிரான காணொளி அது. அனுமதி வாங்கவில்லை, அந்தக் கருத்தில் எங்களுக்கு உடன்பாடில்லை என்று தொடரை உருவாக்கியவர்களும் ஷெல்பியாக நடித்த கிலியன் மர்ஃபியும் சேர்ந்து அறிக்கை விட்டார்கள். அறிக்கை நியாயமானது. ஆனாலும் அந்தக் காணொளியைச் செய்தவருக்கு ஷெல்பியின் முகம் ஏன் கைக்கு எட்டியது என்பதை அறிக்கையால் விளக்க முடியாது. என் அண்ணன் மகன் தலையை மழித்துக்கொண்ட காரணமும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை. யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஆண் என்ற கனவு அது.

உண்மையான பீக்கி பிளைண்டர்கள் யார்? அவர்களின் காலம் தொடர் காட்டும் 1920கள் அல்ல. 1890 மார்ச் மாதம், ஒரு மதுக்கடையில் ஜார்ஜ் ஈஸ்ட்வுட் என்பவர் போதையில்லாத இஞ்சிப் பானம் கேட்டார். அங்கிருந்த சிலர் கேலி செய்தார்கள். வெளியே வந்தவரைத் துரத்தி, பெல்ட்டின் உலோகக் கொக்கியால் அடித்து மண்டையை உடைத்தார்கள். அந்தப் பெயர் செய்தித்தாளில் ஏறியது இப்படித்தான். பர்மிங்காம் காவல்துறையின் பழைய பதிவுகளில் இருக்கும் இளைஞர்களின் படங்களைப் பார்த்தால், குற்றப் பட்டியலில் சைக்கிள் திருட்டும் கடை உடைப்பும் இருக்கின்றன. முதல் உலகப்போர் வருவதற்குள் அந்தக் கும்பல்களின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. தொப்பி விளிம்பில் சவர பிளேடைத் தைத்து வைத்து முகத்தைக் கிழிப்பார்கள் என்பதும் கட்டுக்கதை என்கிறார் பர்மிங்காம் வரலாற்றாசிரியர் கார்ல் சின். மாற்றிப்போடும் பிளேடு அப்போது இவர்களால் வாங்க முடியாத ஆடம்பரப் பொருள்.

கார்ல் சின் இந்தக் கும்பலைப் பற்றிப் புத்தகங்கள் எழுதியவர். தொடரை எழுதிய ஸ்டீவன் நைட்டும் பர்மிங்காம் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஒரே நகரத்தின் தெருக்களிலிருந்து இருவருக்கும் கதை வந்திருக்கிறது. ஆனால் இரண்டு வேறு கதைகள்.

நைட்டுக்கு அவருடைய தந்தை சொன்னது. சிறுவனாக இருந்தபோது ஒரு செய்தியோடு மாமன்மார் வீட்டுக்கு அனுப்பப்பட்டாராம். கதவு திறந்தது. உள்ளே மேசையைச் சுற்றி மிடுக்காக உடுத்திய ஆண்கள், தொப்பி, துப்பாக்கி. மேசை நிறையக் காசு. ஆனால் அவர்கள் ஜாம் பாட்டிலில் மது குடித்துக்கொண்டிருந்தார்கள். துணிமணிக்குச் செலவழிப்பார்கள், கோப்பைக்குச் செலவழிக்க மாட்டார்கள். தொடர் முழுவதும் அந்தச் சிறுவனின் வியந்த கண் வழியாகவே நாம் பார்க்கிறோம்.

சின்னுக்கு வந்தது வேறு. அவருடைய கொள்ளுத்தாத்தாவே ஒரு பீக்கி பிளைண்டர். மனைவியை அடித்தவர். அதைச் சின் மறைக்கவில்லை; அந்த மனிதரைப் பற்றிப் பேசும்போது பெருமை கொள்வதும் இல்லை. ஒரு கதை கதவருகே நின்று மேசையைப் பார்த்தவனுடையது. இன்னொன்று, மேசையில் இருந்தவன் வீட்டுக்குத் திரும்பியபின் நடந்தது.

இரண்டாவது கதையைப் படித்தபோது எனக்கு என் அம்மாச்சியின் நினைவு வந்தது. எங்கள் தாத்தா ஊரில் பெரிய சண்டியர் என்று பெயரெடுத்தவர். சந்தையில் ஒரே அதட்டலில் கடைகளை அடைக்க வைத்தார், திருவிழாவில் தனியாளாக எட்டுப் பேரை விரட்டினார் என்று மாமாக்கள் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொல்வார்கள். எட்டு சில சமயம் பன்னிரண்டாகும். அந்தக் கதை தொடங்கியதும் அம்மாச்சி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். அவருடைய இடது மணிக்கட்டு சற்றுக் கோணியிருக்கும். சின்ன வயதில் விழுந்ததாகத்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். தாத்தா இறந்து பல ஆண்டுகள் கழித்து, ஒரு கல்யாணத்தில் அதே திருவிழாக் கதை ஓடிக்கொண்டிருந்தபோது, வெங்காயம் உரித்துக்கொண்டே அவர் என்னிடம் சொன்னார்: "அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து என்ன செஞ்சாருன்னு எவனாவது கேட்டானா?" நானும் அதுவரை கேட்டதில்லை. தாத்தாவின் கதையைச் சிரித்து ரசித்த பேத்திதான் நானும்.

இனி, "பொம்பளை கேரக்டர் செம ஸ்ட்ராங்" என்பதற்கு வருகிறேன். இந்தத் தொடரைப் பற்றி என் மாணவிகளும் என் வயதுப் பெண்களும் சேர்ந்து சொல்வது இது. பெரும்பாலும் அவர்கள் மனதில் இருப்பது ஷெல்பிகளின் அத்தை பாலி, மறைந்த ஹெலன் மெக்ரோரி நடித்த பாத்திரம். அவள் அப்படியொரு பாத்திரம்தான். ஆண்கள் போருக்குப் போயிருந்த ஆண்டுகளில் சூதாட்டத் தொழிலை நடத்தியவள் அவள். 1919இல் அவர்கள் திரும்பி வந்ததும் தலைமை மருமகனிடம் போகிறது. அதே 1919இல் பிரிட்டன் நாடாளுமன்றம் போருக்கு முந்தைய தொழில் வழக்கங்களைத் திரும்பக் கொண்டுவர ஒரு சட்டம் இயற்றியது. குண்டும் துப்பாக்கியும் செய்த ஆலைகளில் நான்கு ஆண்டுகள் உழைத்த பெண்கள், ஆண்களுக்கு இடம்விட்டு வெளியேறினார்கள். ஸ்மால் ஹீத்தில் இருந்த பெரிய துப்பாக்கி ஆலையும் இந்தக் கதைக்கு வெளியே அல்ல. பாலியின் கோபத்துக்குப் பின்னால் இந்தப் பெண்கள் எல்லாரும் நிற்கிறார்கள். தொடர் அதைத் தொடுகிறது. பிறகு விட்டுவிடுகிறது.

இரண்டாம் சீசனின் கடைசிப் பகுதியை எடுத்துக்கொள்வோம். எப்சம் குதிரைப் பந்தயம். ஷெல்பியைக் கொல்ல ஒரு வயல்வெளிக்குக் கொண்டுபோகிறார்கள், குழி தயாராக இருக்கிறது, கடைசி நொடியில் பிழைக்கிறான். ரசிகர்கள் அதிகம் பகிரும் காட்சிகளில் ஒன்று. என் அண்ணன் மகன் அதன் வசனத்தை மூச்சு விடாமல் சொல்வான். அதே பகுதியில், ஷெல்பியின் திட்டத்துக்காக ஒரு ராணுவ அதிகாரியை ஒதுக்குப்புறமாக இழுத்துவர லிஸி அனுப்பப்படுகிறாள். ஷெல்பி வந்து சேரத் தாமதமாகிறது. அதற்குள் அவள்மேல் வன்முறை நடந்துவிடுகிறது. அதே பகுதியில்தான், சிறையிலிருக்கும் மகனை மீட்பதற்காகத் தன் உடலை விலையாகக் கேட்ட காவல் அதிகாரியைப் பாலி சுட்டுக் கொல்கிறாள். மூன்றும் ஒரே மணி நேரத்துக்குள். அவனிடம் லிஸியைப் பற்றிக் கேட்டேன். "லிஸி அங்க இருந்தாளா அத்தை?" என்றான். பொய் சொல்லவில்லை. உண்மையாகவே நினைவில்லை.

அவனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எந்தக் காட்சிக்கு இசை, எந்த முகத்துக்கு அண்மை, யார் நடக்கும்போது காலம் மெதுவாகிறது என்பதெல்லாம் பார்வையாளர் முடிவு செய்வதல்ல. லிஸியின் காயம் திரையில் இருக்கிறது. ஆனால் அது ஷெல்பியின் நாள் எவ்வளவு கொடியது என்பதன் ஒரு பகுதியாக இருக்கிறது.

இதைவிட எனக்கு உறுத்தியது ஜெஸ்ஸி ஈடன். அவர் கற்பனைப் பாத்திரம் அல்ல. 1902இல் பிறந்து 1986இல் மறைந்த பர்மிங்காம் தொழிலாளி. அவர் பெயரை நான் முதலில் கேட்டதே இந்தத் தொடரில்தான், அந்த நன்றி எனக்கு உண்டு. நான்காம் சீசனில் சம ஊதியம் கேட்கும் தொழிற்சங்கத் தலைவியாக வருகிறார். வெகு விரைவில் ஷெல்பியின் படுக்கைக்கும் வந்துவிடுகிறார். அவர் வழியாகக் கம்யூனிஸ்ட் தோழர்களைப் பற்றிய தகவலைப் பெற்று, அதை அரசிடம் கொடுத்து, ஷெல்பி நாடாளுமன்ற உறுப்பினராகிறான். ரசிகர்கள் அவன் மூளையை மெச்சினார்கள்.

உண்மையான ஜெஸ்ஸி, ஜோசப் லூகாஸ் ஆலையில் வேலை செய்தார். சென்னையில் பேருந்து நிறுத்தத்தின் பெயராகவே நமக்குப் பழகிப்போன பாடி லூகாஸ், 1961இல் டி.வி.எஸ். குழுமத்தோடு சேர்ந்து இங்கே ஆலை வைத்த அதே பர்மிங்காம் நிறுவனம். 1926 மே மாதப் பொது வேலைநிறுத்தத்தில் தன் பிரிவுப் பெண்களை ஜெஸ்ஸி வெளியே அழைத்து வந்தார். அப்போது அவருக்கு வயது 24. வாக்குரிமை கிடையாது, பிரிட்டனில் 21 வயதான எல்லாப் பெண்களுக்கும் அது 1928இல்தான் வந்தது.

1931 தொடக்கத்தில் லூகாஸ் நிர்வாகம் பெடோ என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு அசைவுக்கும் எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரத்தோடு நின்று கணக்கெடுத்து, அந்த வேகத்தை எல்லாருக்கும் கட்டாயமாக்கும் முறை. வேகமாக வேலை செய்பவர் என்பதால் அளவுகோலாக ஜெஸ்ஸியைத் தேர்ந்தெடுத்தார்கள். தன் கையின் வேகமே பக்கத்தில் இருப்பவளின் கழுத்துக்குக் கயிறாகப் போகிறது என்று அவருக்குப் புரிந்தது. 10,000 பெண்கள் ஆலையை விட்டு வெளியே வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சங்கத்திலும் இல்லாதவர்கள். ஒரு வாரத்தில் நிர்வாகம் பின்வாங்கியது. பிறகு ஜெஸ்ஸிக்கு வேலை போனது. சில காலம் மாஸ்கோவில் சுரங்க ரயில் கட்டுமானத் தொழிலாளர்களோடு இருந்தார். திரும்பி வந்து, 1939இல் பர்மிங்காமின் நகராட்சி வீடுகளில் வாடகை உயர்வுக்கு எதிராகப் பல்லாயிரம் குடியிருப்போரைத் திரட்டினார். 1945இல் ஹேண்ட்ஸ்வொர்த் தொகுதியில் கம்யூனிஸ்ட் வேட்பாளராக நின்று தோற்றார்.

இதில் எங்கே படுக்கை, எங்கே தகவல் கசிவு? தன் வேகத்தை நிர்வாகத்துக்குக் கொடுக்க மறுத்த பெண்ணை, காதலில் தோழர்களின் விவரத்தைக் கொடுத்துவிட்டவளாகத் தொடர் ஆக்கியிருக்கிறது. எதிலிருந்து அவர் பிறந்தாரோ அதையே அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. காலவரிசையைச் சரிபார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஐந்தாம் சீசன் 1929இன் இறுதியில் முடிகிறது. ஆறாம் சீசனின் கதை 1933 டிசம்பருக்குத் தாவிவிடுகிறது. அந்த 10,000 பெண்கள் வெளியே வந்த 1931, இரண்டு சீசனுக்கும் நடுவில் விழுந்து காணாமல் போகிறது.

தொப்பியில் பிளேடு இல்லை என்று சொன்னால் ரசிகர்கள் வருத்தப்படுகிறார்கள். இல்லாத பிளேடு எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. இருந்த பெண்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. "ஸ்ட்ராங்கான பெண்" என்று நாம் மெச்சும்போது எதை அளக்கிறோம் என்று என் மாணவிகளிடம் கேட்டுப் பார்த்தேன். ஆண்களின் மேசையில் ஒரு நாற்காலி பிடித்தவளையே பெரும்பாலும் சொன்னார்கள். மேசையே வேண்டாமென்று வாசலுக்கு வந்தவளுக்கு நம்மிடம் இன்னும் ஒரு பெயரடை இல்லை.

சென்ற மாதம் அண்ணன் மகனிடம் லூகாஸ் கதையை முழுதாகச் சொன்னேன். பாடி லூகாஸ் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். கடிகாரம், கையின் வேகம், வெளியே வந்த கூட்டம் என்று சொல்லி முடிக்கும்வரை கைபேசியைத் தொடவில்லை.

"செம சீன் அத்தை. இது எந்த சீசன்?"

"இன்னும் எடுக்கலடா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, எங்கள் தாத்தாவின் திருவிழாக் கதையை அவனுக்கு அவன் அப்பா சொல்லியிருக்கிறாரா என்று கேட்டேன். சொல்லியிருக்கிறாராம். எட்டு பேர் இப்போது பதினைந்தாகியிருந்தார்கள். அம்மாச்சி என்னிடம் சொன்னதை நான் அவனுக்குச் சொன்னேன்.