காற்றை நம்பும் தொட்டி, உயரத்தை நம்பும் தொட்டி

கிணற்றிலிருந்தோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ மோட்டார் ஏற்றும் தண்ணீர், குழாய்க்கு வருமுன் எங்காவது தங்கியாக வேண்டும். நம் வீடுகளில் அந்த இடம் மொட்டை மாடி. அமெரிக்கக் கிராமப்புற வீடுகளில் நிலவறை. அங்கே மூலையில் இடுப்புயரத்துக்கு ஓர் இரும்பு உருளை நிற்கும். பக்கத்தில் ஒரு முள் மீட்டர், சின்னதாக ஒரு சுவிட்சுப் பெட்டி. அந்நாட்டுப் புவியியல் ஆய்வுத் துறையின் கணக்குப்படி 4.3 கோடிக்கும் மேற்பட்டவர்கள், அதாவது மக்கள்தொகையில் ஏறத்தாழ 15 சதவீதம் பேர், சொந்தக் கிணற்றுத் தண்ணீரை நம்பி வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த அழுத்தத் தொட்டிதான் தண்ணீர்த் தொட்டி. அதன் குட்டி வடிவம் இப்போது நம் தனி வீடுகளுக்கும் பிரஷர் பம்போடு சேர்ந்து வந்துவிட்டது. இரண்டில் எது மேல் என்று பலரும் கேட்கிறார்கள். எது எப்படிப் பழுதாகும் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அங்கே தொட்டி கீழே போனதற்கு முதல் காரணம் குளிர். பனிக்காலத்தில் மாடியில் தண்ணீர் வைத்தால் உறைந்து குழாயையே பிளந்துவிடும். இரண்டாவது காரணம், மின்சாரம் எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கை. நம்மிடம் உறைபனியும் இல்லை, அந்த நம்பிக்கையும் இல்லை.

அழுத்தத் தொட்டிக்குள் இருப்பது பாதி காற்று. நடுவில் ரப்பர் பை. மோட்டார் தண்ணீரைத் தள்ளத் தள்ளக் காற்று நெரிந்து சுருங்கும். குழாயைத் திறந்தால் அந்தக் காற்றே விரிந்து தண்ணீரை வெளியே தள்ளும். அழுத்தம் 30 பி.எஸ்.ஐ.க்கு இறங்கினால் மோட்டார் ஓடும். 50-ஐத் தொட்டால் நிற்கும். 100 லிட்டர் தொட்டி என்று சொல்லி விற்பார்கள். ஆனால் மோட்டார் நின்றதிலிருந்து மறுபடி ஓடும்வரை அதிலிருந்து கிடைப்பது சுமார் 30 லிட்டர்தான். 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிக்குப் பழகிய நமக்கு இது ஏமாற்று வேலையாகத் தோன்றும். அந்த உருளையின் வேலை தண்ணீரைச் சேமிப்பதல்ல, மோட்டாருக்கு ஓய்வு கொடுப்பது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மோட்டார் வழக்கத்தைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கிறது. ஓடத் தொடங்கினால் ஒரு நிமிடமாவது தொடர்ந்து ஓட வேண்டும். இல்லையென்றால் சூடேறி காயில் போய்விடும்.

மாடித் தொட்டியில் தள்ளுவது உயரம் மட்டுமே. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 14 பி.எஸ்.ஐ. கிடைக்கும். தொட்டி 25 அடி மேலே இருந்தால் கீழ்வீட்டுச் சமையலறைக் குழாயில் 11 பி.எஸ்.ஐ. வரும், பாத்திரம் கழுவ அது தாராளம். அதே தொட்டிக்கு ஆறடி கீழே மாடிக் குளியலறை ஷவர் இருந்தால் மூன்று பி.எஸ்.ஐ.கூடத் தேறாது. இதைப் பழுது என்று நினைத்து ஷவரை மாற்றுகிறவர்கள் உண்டு. எத்தனை ஆயிரம் ரூபாய் ஷவர் வாங்கினாலும் தொட்டியின் உயரம் மாறப் போவதில்லை.

பழுது என்று வரும்போது, இரண்டிலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றைத்தான். ஓரிடத்தில் அது இருக்க வேண்டியது, இன்னோரிடத்தில் இருக்கக் கூடாதது.

அழுத்தத் தொட்டியில் காற்று குறைந்தால் உடனே தெரிந்துவிடும். கை கழுவக் குழாயைத் திறந்தாலே மோட்டார் ஓடும், சில நொடிகளில் நிற்கும், மறுபடி ஓடும். மோட்டார் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இந்த நிலையைத்தான். உருளையின் தலையில் டயருக்கு இருப்பதைப் போலவே ஒரு வால்வு இருக்கும். அதன் நடு ஊசியை அழுத்திப் பாருங்கள். தண்ணீர் வந்தால் உள்ளே பை கிழிந்துவிட்டது. பை மட்டும் மாற்றக்கூடிய தொட்டி என்றால் அதோடு போயிற்று. மூடி வார்த்த வகை என்றால் தொட்டியையே மாற்ற வேண்டும். காற்று மட்டும் வந்தால் பிழைத்தோம். மெயினை அணைத்து, குழாயைத் திறந்து தண்ணீர் முழுவதையும் வடித்துவிட்டு டயர் கேஜை வைத்துப் பார்க்க வேண்டும். மோட்டார் ஓடத் தொடங்கும் அழுத்தத்துக்கு இரண்டு பி.எஸ்.ஐ. குறைவாக, அதாவது 30-இல் ஓடும் மோட்டாருக்கு 28, இருக்க வேண்டும். குறைந்தால் சைக்கிள் பம்பே போதும். தண்ணீரை வடிக்காமல் அளந்தால் கேஜ் காட்டுவது தண்ணீரின் அழுத்தத்தை. அந்த அளவு ஒன்றுக்கும் உதவாது. வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலை இது. செய்கிறவர்கள் குறைவு.

மாடித் தொட்டி வீட்டில் கதை தலைகீழ். தொட்டி கழுவி நிரப்பிய மறுநாள் மேலே தண்ணீர் ததும்பும். கீழே குழாய் இருமித் துப்பிவிட்டு நின்றுவிடும். இதுதான் ஏர் லாக். குழாய் எங்கோ மேலேறி மறுபடி இறங்கும் வளைவில் காற்று போய் உட்கார்ந்துகொண்டது. 50 பி.எஸ்.ஐ. அழுத்தம் இருந்தால் அதை ஊதித் தள்ளியிருக்கும், மூன்று பி.எஸ்.ஐ.க்கு அந்தத் தெம்பு கிடையாது. தண்ணீர் வரும் குழாயிலிருந்து ஒரு ஹோஸை வராத குழாயில் மாட்டி, தண்ணீரைப் பின்னோக்கி ஏற்றினால் காற்று விலகும். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் தொட்டியின் வெளிக்குழாயில் தொட்டி விளிம்புக்கும் மேலே போகிற மாதிரி திறந்த வாய்க் குழாய் ஒன்றை நட வேண்டும். விவரமான பிளம்பர் சொல்லாமலே வைத்துவிடுவார்.

கசிவைக் காட்டிக்கொடுப்பதில் அழுத்தத் தொட்டிக்கு நிகரில்லை. கழிப்பறை பிளஷ் டேங்கில் நூலளவு ஒழுகினாலும், யாரும் குழாயைத் தொடாத நள்ளிரவில் மோட்டார் ஒருமுறை ஓடி நிற்கும். ஒழுக்கு எந்தப் பக்கம் என்பதையும் எளிதில் கண்டுபிடிக்கலாம். தொட்டிக்கு அடுத்து வீட்டுக்குப் போகும் வால்வை அடைத்துவிட்டு மீட்டர் முள்ளைக் கவனிக்க வேண்டும். முள் நின்றால் ஒழுக்கு வீட்டுக்குள். தொடர்ந்து இறங்கினால் கிணற்றுப் பக்கம்: தண்ணீரைத் திரும்பிப் போகவிடாத என்.ஆர்.வி. பழுதாகியிருக்கும், இல்லையென்றால் கிணற்றுக்குள் குழாய் விரிசல் விட்டிருக்கும். மாடித் தொட்டிக்கு இந்த வாய் கிடையாது. மாதக்கணக்கில் ஒழுகினாலும் மௌனமாக இருக்கும். கரண்ட் பில்தான் பேசும்.

மோட்டாரை நிறுத்துகிற கருவியும் இரண்டில் இரண்டு விதமாகக் கெடுகிறது. பிரஷர் சுவிட்சின் முனைகள் கருகும், எறும்பு நுழைந்து தொடுப்பைக் கெடுக்கும், அதற்குப் போகும் மெல்லிய குழாயில் துருவும் வண்டலும் அடைத்துக்கொண்டால் அழுத்தம் தெரியாமலே மோட்டார் ஓடும். மாடித் தொட்டியின் தானியங்கிக் கருவியில் உணர்கம்பிகள் மேல் உப்பு படியும். தண்ணீர் தொட்டாலும் தெரியாது. அப்புறம் பக்கத்து வீட்டிலிருந்து வரும் “அக்கா, தொட்டி நிரம்பி ஊத்துது!” என்ற குரல்தான் தானியங்கி.

சுத்தத்தில் மாடித் தொட்டி பின்தங்குகிறது, சந்தேகமில்லை. மூடி சரியாக இல்லையென்றால் பாசி, வண்டல், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு எல்லாம் குடிவந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவுவதும், நிரம்பி வழியும் குழாயின் வாயில் வலை கட்டுவதும் கட்டாயம்.

மோட்டார் உறுமுகிறது, கிளம்பவில்லை என்றால் இரண்டு முறைக்கும் ஒரே பாடம். முதலில் ஸ்டார்ட்டர் பெட்டியின் வோல்ட் மீட்டரைப் பார்க்க வேண்டும், அடுத்து கண்டென்சரை. சில நூறு ரூபாய்ப் பொருள் அது. அதைப் பார்க்காமல் ஆள் கூப்பிட்டு இருநூறு அடிக் குழாயை வெளியே இழுப்பது வீண் செலவு. கரண்டை அணைத்த பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். அதனால் எலக்ட்ரீஷியன் கையில்தான் அந்த வேலை இருக்க வேண்டும்.

இனி முடிவுக்கு வரலாம். ஆழ்துளை மோட்டாரோடு நேரடியாக அழுத்தத் தொட்டியை இணைப்பது நம் ஊருக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. அரை மணி நேரம் இழுத்தால் வற்றி, ஊறக் காத்திருக்க வேண்டிய ஆழ்துளைக் கிணறுகள் இங்கே ஏராளம். அழுத்தச் சுவிட்சுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அழுத்தம் இறங்கினால் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்காமல் மோட்டாரை ஓட்டும். தண்ணீரில்லாமல் ஓடும் மோட்டார் சில நிமிடங்களில் சூடேறி வீணாகும். ஏறி இறங்கும் வோல்டேஜில் நாள் முழுக்கக் கிளம்பி நிற்பதும் அதற்கு நல்லதல்ல. மின்தடை வந்துவிட்டால் 30 லிட்டரோடு கதை முடிந்தது. மாடித் தொட்டியோ இரண்டு நாள் தாங்கும்.

ஆகவே சேமிப்பு மாடியிலேயே இருக்கட்டும். மாடிக் குளியலறைக்கு வேகம் வேண்டுமென்றால் தொட்டிக்குப் பிறகு சின்ன பிரஷர் பம்பும் அழுத்த உருளையும் வைத்துக்கொள்ளலாம். கூடவே பம்பைச் சுற்றிப் போகும் பைபாஸ் குழாய் ஒன்றும் அதில் ஒரு என்.ஆர்.வி.யும் இருந்தாக வேண்டும். கரண்ட் போனாலும் மெதுவாகவாவது தண்ணீர் இறங்கும். பைபாஸ் எதற்கு என்று கேட்கும் பிளம்பரிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.