முதுகெலும்பும் முஸ்லிம் மருத்துவர்களும்

‘பக்கீர்’ என்னும் சொல் தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிதன்று. ஏழையையும் துறவியையும் நாம் அச்சொல்லால் அழைக்கிறோம். அதன் வேரோ முதுகெலும்பில் இருக்கிறது. அரபு மொழியில் ‘ஃபகார்’ என்றால் முதுகெலும்புக் கணுக்கள். வறுமையினால் முதுகு முறிந்தவனே ‘ஃபகீர்’ என அரபு அகராதியாளர் சிலர் விளக்குவர். ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களின் ‘துல்ஃபிகார்’ வாளும் தன் அலகிலிருந்த கணுப்போன்ற குழிவுகளால் அப்பெயர் பெற்றது என்பர். மனிதனை நிமிர்த்தும் உறுப்பு எது என்பதை அம்மொழி நன்கறிந்திருந்தது.

முதுகெலும்பின் பயன்களை முறைப்படுத்திக் கூறியவர்களுள் இப்னு சீனா (980-1037) முதன்மையானவர். தம் ‘அல்-கானூன்’ நூலில் அவர் நான்கு பயன்களை எடுத்துரைக்கிறார். தண்டுவடத்துக்கு அது பாதுகாப்பான வழி. முன்னாலுள்ள மேன்மையான உறுப்புகளுக்கு அது கேடயம். ஏனைய எலும்புகளுக்கு அது அடித்தளம். மனிதன் நிமிர்ந்து நிற்கவும் வளைந்து இயங்கவும் அது துணை. மூன்றாம் பயனுக்கு அவர் காட்டும் உவமை, கப்பல் கட்டுவோர் முதலில் கிடத்தும் அடிமரம். பரங்கிப்பேட்டையிலிருந்தும் நாகூரிலிருந்தும் கலம் செலுத்திய மரைக்காயர் வழிவந்தோருக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. ‘ஏரா’ எனப்படும் அம்மரம் பழுதுபட்டால் கலமே இல்லை.

இன்றைய உடற்கூறியல் இதை மேலும் நுணுக்கமாக்கியுள்ளது. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என எலும்புக் கணுக்கள் அமைந்துள்ளன. அவற்றின் கீழே 5 கணுக்கள் இணைந்து திருவெலும்பாகவும், பெரும்பாலும் 4 சிறு கணுக்கள் வாலெலும்பாகவும் உள்ளன. கணுக்களுக்கிடையே உள்ள வட்டுகள் அதிர்ச்சியைத் தாங்குகின்றன. தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் புறப்படுகின்றன.

இத்துறையில் நம் உள்ளத்தைத் தொடுபவர் அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி (1162-1231). கி.பி. 1200-1202 இல் எகிப்தைக் கொடும் பஞ்சம் வாட்டியது. கெய்ரோவை அடுத்த அல்-மக்ஸ் என்னுமிடத்தில் எலும்புக்கூடுகள் மேடாகக் குவிந்து கிடந்தன. அவர் அங்குச் சென்று ஆராய்ந்தார். கீழ்த்தாடை இரு எலும்புகளால் ஆனது என்பது கிரேக்க மருத்துவர் காலனின் கூற்று. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளை நோக்கிய பின், அது ஒரே எலும்பு என அவர் துணிந்தார். ஐரோப்பாவில் வெசாலியஸ் காலனின் பிழைகளைத் திருத்தி நூல் வெளியிட்டது 1543 இல்தான்.

முதுகெலும்பின் அடிப்பகுதியையும் அவர் விடவில்லை. திருவெலும்பும் வாலெலும்பும் சேர்ந்து ஆறு எலும்புகள் என்றார் காலன். பக்தாதி முதலில் கண்டதோ ஒரே எலும்பு. காலனை மறுக்க இதுவே போதும் என அவர் நின்றுவிடவில்லை, மேலும் தேடினார். வேறோர் எலும்புக்கூட்டில் ஆறு எலும்புகள் இருந்தன, பிறவற்றிலும் அவ்வாறே, இரண்டில் மட்டும் ஒன்றாயிருந்தது. தமக்கு மாறான சான்றையும் மறைக்காமல் அவர் எழுதிவைத்தார். இளமையில் தனித்தனியாக உள்ள திருவெலும்புக் கணுக்கள் ஏறத்தாழ 25 வயதுக்குள் ஒன்றிணைகின்றன என்றும், வாலெலும்பு சிலரில் பின்னர் அதனோடு ஒட்டிவிடுகிறது என்றும் நாம் இன்று அறிகிறோம். ஆகவே அவர் கண்ட இரண்டுமே உண்மை.

அறுவை மருத்துவ மேதை அல்-ஸஹ்ராவி (மறைவு 1013 அளவில்) முதுகெலும்பு முறிவில் கைகால்கள் உணர்விழந்தால் குணமடைதல் அரிது என உணர்ந்திருந்தார். இன்றும் சிதைந்த தண்டுவடத்தை முழுமையாக மீட்கும் மருந்தில்லை. ஆனால் மறுவாழ்வு உண்டு. 1954 இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தார். 1966 இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தோன்றவும் அவரே காரணமானார்.

காடாம்புலியூர், பண்ருட்டி வட்டாரங்கள் பலாவுக்குப் பெயர் பெற்றவை. மரத்திலிருந்து விழுதல் நம் கிராமங்களில் முதுகுத் தண்டுக் காயத்துக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. விழுந்தவரைப் பதற்றத்தில் கைகாலைப் பிடித்துத் தூக்குவது, தப்பிய தண்டுவடத்தையும் சிதைத்துவிடலாம். தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேர்கோட்டில் இருக்க, அவரை அசையாது காத்து 108 ஊர்தியை அழைப்பதே முறை.

முன்னோரின் பெருமையைப் பேசுவது எளிது. பக்தாதியைப் போல் நூலை மதித்துக்கொண்டே கண்ணையும் திறந்து வைப்பதே அப்பெருமைக்கு நாம் செய்யும் மரியாதை.