சீனக்குடா விமானத்தளம்: நினைவில் நின்ற பகலும் மறந்துபோன இரவும்

திருக்கோணமலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் துறைமுகத்தையே மையமாகக் கொண்டனர். இது இயல்பானதே. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், பிரித்தானியர் என ஒருவர் பின் ஒருவராக வந்த ஐரோப்பியர் அனைவரும் ஆழமும் அமைதியும் ஒருங்கே வாய்ந்த அந்நீர்நிலையின் பொருட்டே இக்கரையை நாடினர். ஆயின், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்துறைமுகத்தின் விதியை நிர்ணயித்தது கடலன்று. உள்துறைமுகத்தின் மேற்கரையில் புகையிரதப் பாதைக்கும் நீருக்கும் இடையே கிடந்த சமதரையே அதனை நிர்ணயித்தது. அதுவே சீனக்குடா விமானத்தளம். இதனைப் பற்றி ஊரார் அறிந்திருப்பது பெரும்பாலும் ஒரு காலைப்பொழுதின் கதையாகும். அதனினும் பெரிய கதையொன்று இத்தளத்திற்கு உண்டு என்பதையும், அது ஏன் மறக்கப்பட்டது என்பதையும் நோக்குவது இக்கட்டுரையின் எல்லையாகும்.

விமானத்தளத்தை அதன் அயலிலுள்ள எண்ணெய்க் குதங்களிலிருந்து பிரித்து நோக்குதல் பொருந்தாது. முதலாம் உலக மகாயுத்தத்தை ஒட்டிய ஆண்டுகளிலே பிரித்தானியக் கடற்படை நிலக்கரியைக் கைவிட்டு எண்ணெய்க்கு மாறியது. இம்மாற்றத்தின் விளைவு எளிதானது. எண்ணெயைச் சேமித்து வைக்க இடமில்லாத துறைமுகம், எத்துணை ஆழமானதாயினும், போர்க்கப்பலுக்குப் பயன்படாது. எனவே 1920களிலும் 1930களிலும் சீனக்குடாவின் காட்டினைத் திருத்திப் பிரித்தானியர் பாரிய உருக்குக் குதங்களை வரிசை வரிசையாக எழுப்பினர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் எண்ணெய் கொள்ளத்தக்கது. எண்ணெய் வந்த இடத்தில் அதனைக் காக்கும் ஏற்பாடும் வரவேண்டியதாயிற்று. புல்தரையாகத் தொடங்கிய இறங்குதளம் அவ்வாறே குதங்களின் நிழலில் வளர்ந்தது. 1939 ஆகஸ்டில், ஐரோப்பாவில் யுத்தம் வெடிப்பதற்கு ஒரு மாதம் முன்னர், றோயல் விமானப்படையின் 273ஆம் அணி இங்கு மீள நிறுவப்பட்டது. அதனிடம் இருந்தவை வில்ட்பீஸ்ற் முதலான பழைய இரட்டை இறக்கை விமானங்கள். பேரரசின் கிழக்கு வாயிலைக் காக்க அவை போதும் எனக் கருதப்பட்ட காலம் அது.

1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் வீழ்ந்ததும் அக்கருத்துத் தகர்ந்தது. மார்ச்சு மாதத்தில் 261ஆம் அணியின் ஹரிக்கேன் விமானங்கள் சீனக்குடாவிற்கு வந்து சேர்ந்தன. ஏப்பிரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, நகுமோவின் தலைமையிலான யப்பானியக் கடற்படை கொழும்பைத் தாக்கியது. எச்சரிக்கை கிடையாத இரத்மலானையில் விமானங்கள் தரையில் நின்ற நிலையிலேயே பகைவரை எதிர்கொண்டன. நான்கு நாள்களின் பின்னர், 9ஆம் திகதி காலை, திருக்கோணமலையின் முறை வந்தது. இங்கு நிலைமை சற்று வேறுபட்டது. கரையோர ராடர் நிலையம் காலை ஏழு மணியளவில், தொண்ணூறு மைலுக்கு அப்பால் வரும்போதே அவ்விமானக் கூட்டத்தைக் கண்டுகொண்டது. பதினேழு ஹரிக்கேன்களும் ஆறு புல்மார் விமானங்களும் உரிய வேளையில் மேலெழுந்தன. எதிரே வந்தவை தொண்ணூறு வரையிலான குண்டுவீச்சு விமானங்களும் நாற்பது வரையிலான சீரோ விமானங்களும். நான்கு மாதங்களுக்கு முன்னர் பேர்ள் துறைமுகத்தின்மீது முதல் தாக்குதலை நடத்திச் சென்ற புச்சிடாவே இக்காலையிலும் அணியை வழிநடத்தினார். போர் முடிந்தபோது எட்டு ஹரிக்கேன்களும் மூன்று புல்மார்களும் இழக்கப்பட்டிருந்தன. கப்பற் பட்டறையும் விமானத்தளமும் சேதமுற்றன. துறைமுகத்தில் நின்ற சகாயிங் என்னும் வணிகக் கப்பல் தீப்பற்றி அழிந்தது. எண்ணெய்க் குதமொன்று நாட்கணக்கில் எரிந்தது.

எரிந்த குதத்தைப் பற்றிய கதை ஒன்று ஊரில் வழங்குகின்றது. அடிபட்ட யப்பானிய விமானமொன்றின் ஓட்டி தன் உயிரைத் துச்சமாக மதித்து விமானத்தைக் குதத்தின்மீது மோதவிட்டான் என்பது அக்கதை. உருகி வளைந்து கிடக்கும் அதன் உருக்குத் தகடுகளைக் காட்டி இன்றும் இதனைக் கூறுவர். சிலர் இதனைக் 'காமிக்காசே' தாக்குதல் எனவும் எழுதியுள்ளனர். அச்சொல் இங்குப் பொருந்தாது. திட்டமிட்ட தற்கொலைத் தாக்குதல் அணிகளை யப்பானியர் அமைத்தது 1944 ஒக்ரோபரில், பிலிப்பைன்ஸ் போரின்போதே. 1942 இல் அத்தகைய முறை இருந்ததில்லை. திரும்பிச் செல்ல இயலாத விமானியொருவனின் இறுதிக் கணத்தைப் பிற்காலச் சொல்லொன்றினால் அழைப்பது, நடந்ததை விளக்குவதற்குப் பதிலாக மறைத்துவிடுகின்றது.

அன்றைய பேரிழப்பு உண்மையில் திருக்கோணமலையில் நேரவில்லை. தாக்குதலை எதிர்பார்த்து ஹேர்மீஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் முதல்நாளிரவே துறைமுகத்தைவிட்டு வெளியேறித் தெற்கு நோக்கிச் சென்றிருந்தது. விமானந்தாங்கி எனப் பெயர் பெற்ற அக்கப்பலில் அன்று விமானம் ஒன்றேனும் இருக்கவில்லை. அதன் சுவோட்பிஷ் விமானங்கள் கரையிலே விடப்பட்டிருந்தன. மட்டக்களப்பிற்கு அப்பாற் கடலில் அது கண்டுபிடிக்கப்பட்டது. உதவிக்கென அனுப்பப்பட்ட போர் விமானங்கள் சேர்ந்தபோது கப்பல் மூழ்கிவிட்டிருந்தது. 307 பேர் மாண்டனர். துணைக்குச் சென்ற அவுஸ்திரேலியக் கப்பலான வம்பயரும் உடன் மூழ்கியது. தளத்தில் விமானங்கள், கடலில் வெறுங்கப்பல்: இவ்விரண்டையும் காலத்தோடு இணைக்கத் தவறிய செய்தித் தொடர்பு. இத்தோல்வியின் சுருக்கம் அதுவே எனலாம்.

இதுவரை கூறியவை திருக்கோணமலை மாணவர் பலரும் வீட்டுப் பெரியோர் வாயிலாக ஓரளவு கேட்டறிந்தவையே. இதன்பின் நிகழ்ந்தவையே கவனத்திற்குரியன.

1944 ஆம் ஆண்டின் முற்பகுதியில் அமெரிக்கர் சீனக்குடாவை நாடினர். அவர்களிடம் பி-29 என்னும் புதிய பாரிய குண்டுவீச்சு விமானம் இருந்தது. ஹரிக்கேன் விமானத்தின் இறக்கை அகலம் 40 அடி. பி-29 இன் இறக்கை அகலம் 141 அடி. கல்கத்தாவிற்கு மேற்கே கரக்பூர்ப் பகுதியில் இவ்விமானங்கள் நிலைகொண்டிருந்தன. அவர்களுடைய இலக்குகளுள் ஒன்று சுமாத்திராவில் பலெம்பாங் நகரை அடுத்த பிளாஜு எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம். யப்பானிய விமானங்களின் எரிபொருளில் பெரும்பங்கு அங்கிருந்தே கிடைத்தது. கரக்பூரிலிருந்து அதனை எட்ட முடியாது. இடையில் நின்று எரிபொருள் நிரப்பிப் புறப்பட ஓரிடம் வேண்டும். அதற்குச் சீனக்குடா தெரிவு செய்யப்பட்டது. ஓடுபாதை 7,200 அடியாக நீட்டப்பட்டது. ஐம்பத்தாறு பாரிய விமானங்கள் நிற்கக்கூடிய தரிப்பிடங்களும் எரிபொருள் வழங்கும் குழாய்களும் அமைக்கப்பட்டன. யூலை மாதமளவில் யாவும் ஆயத்தமாயின. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஆறு புல்மார்களை மேலே அனுப்பிய தளம் இதுவே என்பதை நினைவிற் கொண்டால் மாற்றத்தின் அளவு விளங்கும்.

1944 ஆகஸ்ட் 10ஆம் திகதி மாலை 54 பி-29 விமானங்கள் சீனக்குடாவிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மேலெழுந்தன. போய்வரும் தூரம் ஏறத்தாழ 4,000 மைல். அந்த யுத்தத்தில் அமெரிக்க விமானங்கள் இடைநில்லாது மேற்கொண்ட போர்ப் பறப்புகளுள் இதுவே மிக நீண்டதெனக் கூறப்படுகின்றது. இத்தூரத்திற்கு வேண்டிய எரிபொருளைச் சுமந்தபின் ஒவ்வொரு விமானமும் ஏறத்தாழ ஒரு தொன் குண்டினையே ஏந்த முடிந்தது. பூதம்போன்ற விமானம், கைப்பிடியளவு குண்டு! முப்பத்தொன்பது விமானங்களே இலக்கினை எட்டின. அவற்றுள் 31 சுத்திகரிப்பு நிலையத்தின்மீது குண்டு வீசின. முகிலும் இருட்டடிப்பும் இலக்கை மறைத்தன. பின்னர் எடுத்த நிழற்படங்களில் ஒரேயொரு கட்டடம் மட்டுமே உறுதியாக அழிந்திருந்தது. எஞ்சிய எட்டு விமானங்கள் முகிலுக்குக் கீழே தாழ்ந்து சென்று, எண்ணெய்க் கப்பல்கள் போக்குவரத்துச் செய்யும் மூசி ஆற்றில் பதினாறு கண்ணிகளை இட்டன. அவ்விரவின் உருப்படியான பயன் அதுவே. திரும்பும் வழியில் எரிபொருள் தீர்ந்த விமானமொன்று கடலில் இறங்கியது. அதன் குழுவினருள் ஒருவர் தவிர ஏனையோர் மீட்கப்பட்டனர்.

அதே இரவில் சீனாவிலிருந்து புறப்பட்ட வேறு பி-29 விமானங்கள் நாகசாக்கி நகரின்மீது குண்டு வீசின. ஓராண்டு கழிந்து, 1945 ஆகஸ்ட் 9ஆம் திகதி, அதே வகை விமானமொன்றினால் அந்நகருக்கு நேர்ந்ததை உலகம் அறியும். சீனக்குடாவின் மாலையும் அவ்வரலாற்றின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றது.

தமிழ் மாணவருக்குப் பலெம்பாங் அந்நியமான பெயரன்று. சிறீவிசயப் பேரரசின் தலைநகராக வரலாற்றாசிரியர் பலரும் கொள்ளும் இடம் அது. 1025 அளவில் முதலாம் இராசேந்திரனின் கடற்படை அப்பேரரசைத் தாக்கியபோது திருக்கோணமலைப் பிரதேசமும் சோழராட்சிக்கு உட்பட்டிருந்தது. வங்கக் கடலின் இருகரைகளும் தத்தமக்குள் கொண்ட உறவு வணிகத்தினாலும் சமயத்தினாலும் மட்டும் அமைந்ததன்று. தொள்ளாயிரம் ஆண்டுகளின் பின்னர் ஈழத்தின் கிழக்குக் கரையிலிருந்து அதே நகரை நோக்கி நெருப்புச் சென்றது. ஏவியவர்கள் மட்டுமே வேறு.

இத்துணைப் பெருஞ்செலவில் நீட்டப்பட்ட ஓடுபாதை பி-29 தாக்குதலுக்கென ஒரேயொருமுறைதான் பயன்பட்டது. பயன் சிறிது, தூரம் பெரிது என்று கண்ட அமெரிக்கர் அவ்வழியைக் கைவிட்டனர். பிளாஜுவை உண்மையில் முடக்கியவை பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல்களாகும். 1945 சனவரி 16ஆம் திகதி திருக்கோணமலையிலிருந்து புறப்பட்ட அக்கப்பற்படையின் விமானங்கள் 24ஆம் திகதி பிளாஜுவையும் 29ஆம் திகதி அயலிலுள்ள சுங்கை கெரொங்கையும் தாக்கின. இரு நிலையங்களின் உற்பத்தியும் பெரிதும் குன்றியது.

1942 இன் பகல் நினைவில் நிற்க, 1944 இன் இரவு மறைந்ததேன்? முதற் காரணம் வெளிப்படை. முன்னதை ஊர் கண்ணாற் கண்டது. குண்டு தன் தலைமேல் விழுந்தது. மக்கள் வீடுகளை விட்டு உள்ளூர்களுக்கு ஓடினர். பின்னது இரகசியமாகத் திட்டமிடப்பட்டது. அதில் ஈடுபட்டோர் வேற்று நாட்டவர். சில நாள்களே தங்கிச் சென்றனர். இரண்டாவது காரணம் வரலாறு எழுதும் முறையைப் பற்றியது. பிரித்தானியருக்கு இது தம்முடைய கதையன்று. அமெரிக்கருக்கோ இது வெற்றியெனக் கொண்டாடத்தக்கதன்று. மூன்றாவது காரணமே சிந்திக்க வேண்டியது. திருக்கோணமலை தன்னைப் பிறர் விரும்பிய பொருளாகவும் பிறரால் தாக்கப்பட்ட இடமாகவும் எண்ணிப் பழகிவிட்டது. தன் தரையிலிருந்து புறப்பட்டவை இன்னொரு கீழைத்தேய நகரின் தொழிலாளர்மீது, ஆற்றின்மீது, இருளிலே சென்று விழுந்தன என்ற உண்மை அவ்வெண்ணத்தோடு எளிதில் இணங்குவதில்லை. இரண்டு நிகழ்வுகளிலும் இலக்கு ஒன்றே: எண்ணெய். சீனக்குடாவில் எரிந்த குதத்தையும் பிளாஜுவில் விழுந்த குண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதாதவரை இரண்டுமே விளங்கமாட்டா.

யுத்தத்தின் பின்னரான வரலாற்றைச் சுருக்கமாகவே கூறலாம். இலங்கை 1948 இல் சுதந்திரம் பெற்றபோதும் தளங்கள் பிரித்தானியரிடமே இருந்தன. 1956 இல் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்காவின் அரசாங்கம் அவற்றை மீளக் கோரியது. திருக்கோணமலைக் கடற்படைத்தளம் 1957 ஒக்ரோபர் 15ஆம் திகதியும் கட்டுநாயக்கா விமானத்தளம் நவம்பர் 1ஆம் திகதியும் கையளிக்கப்பட்டன. சீனக்குடா இலங்கை விமானப்படையின் பயிற்சி நிலையமாயிற்று. 1976 முதல் விமானப்படைக் கல்விக்கழகம் என்னும் பெயர் பெற்றது. பாரிய விமானங்களுக்கென நீட்டிய நிலத்தில் இளம் விமானிகள் சிறு பயிற்சி விமானங்களில் ஏறி இறங்கக் கற்கின்றனர். அப்பயிற்சியும் ஆபத்தற்றதன்று, 2023 ஆகஸ்ட் 7ஆம் திகதி பிரி-6 ரகப் பயிற்சி விமானமொன்று மேலெழுந்த சிறிது நேரத்திலேயே வீழ்ந்து இருவர் இறந்தனர். கொழும்பிலிருந்து வரும் பயணிகள் விமானங்களும் இங்கு இறங்கியுள்ளன. திருக்கோணமலை வானிலிருந்து மீண்டும் தாக்கப்பட்டது 2008 ஆகஸ்ட் 26ஆம் திகதி இரவிலாகும். விடுதலைப் புலிகளின் இலகு விமானங்கள் கடற்படைத்தளத்தின்மீது குண்டு வீசின. 1942 இன் தாக்குதலுக்குப் பின்னர் அறுபத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

குதங்களின் கதை இன்னும் முடியவில்லை. 1987 யூலை 29ஆம் திகதி கையொப்பமான இந்திய-இலங்கை உடன்படிக்கையுடன் இணைந்த கடிதங்களில் அவற்றைப் புனரமைப்பது பற்றிய வாசகம் இடம்பெற்றது. 2003 இல் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கைக் கிளை அவற்றிற் கால் பதித்தது. 2022 சனவரியில் ஏற்பட்ட ஒப்பந்தப்படி 99 குதங்களுள் 14 இந்திய நிறுவனத்திடமும் 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும் இருக்க, எஞ்சிய 61 இரண்டும் பங்குகொள்ளும் புதிய கம்பனியொன்றிடம் ஒப்படைக்கப்பட்டன. சகாயிங் கப்பலின் சிதைவைக் கடற்படையினர் 2018 இல் நீரிலிருந்து மிதக்கச் செய்து அகற்றினர். எரிந்த குதத்தின் உருக்குத் தகடுகள் காட்டினுள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. அதற்கு அப்பால், மரங்களினூடே, 1944 இல் நீட்டிய தரையிலிருந்து பயிற்சி விமானங்களின் இரைச்சல் கேட்கின்றது.