ஹவாய் மக்களின் மன்னிப்பு மரபு

பசுபிக்குச் சமுத்திரத்தின் நடுவண் அமைந்த ஹவாய்த் தீவுகளின் ஆதிக்குடிகள், குடும்பப் பிணக்குகளைத் தீர்த்தற்பொருட்டுச் சீரியதொரு முறையைக் கையாண்டு வந்தனர். 'ஹோஓபொனோபொனோ' என்பது அதன் பெயர். 'பொனோ' என்பது நேர்மை, செம்மை எனப் பொருள்படும். அச்சொல்லை இரட்டித்து, 'ஹோஓ' என்னும் முன்னொட்டைச் சேர்த்தவிடத்துச் 'செம்மையுறச் செய்தல்' என்னும் பொருள் பிறக்கின்றது.

குற்றம் இழைத்தானையும் அதற்கு ஆளானானையும் ஒரே கயிறு பிணிக்கின்றது என்பது அம்மக்களின் கொள்கை. பகை முதிருமாயின், அப்பிணிப்பு வலைபோற் சிக்குண்டு, சுற்றத்தார் அனைவரையும் அகப்படுத்தும். இந்நிலையை அவர் 'ஹிஹியா' என்றனர். நோய்க்கும் இதனைக் காரணமாகக் கருதினர்.

பிணக்குற்றோர் கூடியவிடத்து, குடும்பத்து மூத்தோர் ஒருவரேனும் நன்மதிப்புடைய பிறர் ஒருவரேனும் தலைமை தாங்குவர். முதற்கண் வழிபாடு நிகழும். பின்னர்ப் பிணக்கு இன்னதென எடுத்துரைக்கப்படும். உறுப்பினர் ஒருவரையொருவர் நோக்கி வாதிடாது, தலைவரை நோக்கியே பேசுவர். சினம் மிகின், தலைவர் அனைவரையும் மௌனத்தில் அமர்த்துவர். உண்மை முழுவதும் வெளிப்பட்டபின், தவறினோர் அதனை ஒப்புக்கொண்டு மன்னிப்பு வேண்டுவர். இழப்பு உளதாயின் ஈடுசெய்ய உடன்படுவர். அதன்மேலரே 'கலா' என்னும் கட்டவிழ்த்தல் நிகழும். இறுதியில் யாவரும் ஒருங்கிருந்து உண்பர். தீர்ந்த பிணக்கை மீண்டும் கிளறுதல் கூடாது.

1778இல் யேம்ஸ் குக் அத்தீவுகளை அடைந்தான். 1820இல் கிறித்தவப் போதகர் வந்தனர். 1893இல் அந்நிய வணிகர் சிலர், அமெரிக்கப் படையினர் கரையிறங்கி நிற்க, லிலியுஒகலானி அரசியை அரியணையினின்றும் இறக்கினர். 1896இல் ஆங்கிலமே பாடசாலைகளிற் போதனாமொழியென விதிக்கப்பட்டது. 1898இல் தீவுகள் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. இம்மாற்றங்களிடையே பழைய முறையும் வழக்குக் குன்றியது.

எனினும் அது முற்றாக அழியவில்லை. ஆட்சியிழந்த அவ்வரசி, 1909இல் தம் உடைமைகளைக் கொண்டு அநாதைச் சிறார்க்கென ஓர் அறநிதியத்தை நிறுவினார். அதன்வழித் தோன்றிய சிறுவர் நிலையமே, 1972இல், இம்மரபை விரிவாக எடுத்துரைக்கும் 'நானா இ கெ குமு' என்னும் நூலின் முதற்றொகுதியை வெளியிட்டது. ஹவாய் மொழியறிஞரான மேரி கவெனா பூக்குயி அம்மையார் (1895–1986), உளமருத்துவர் ஹேர்ட்டிக், கதரின் லீ ஆகியோருடன் அதனை ஆக்கினார்.

1893ஆம் ஆண்டின் செயலுக்காக, நூறாண்டு கழித்து, 1993இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு தீர்மானத்தின் வாயிலாக மன்னிப்புக் கோரியது. எவ்வித உரிமைக்கோரிக்கையும் அதனால் தீர்ந்ததாகக் கொள்ளப்படாது எனவும் அத்தீர்மானம் கூறிற்று. ஹவாய் மக்களின் முறைப்படி நோக்குமிடத்து, குற்றத்தை ஒப்புக்கொள்ளலாகிய படி அன்று நிறைவேறியது. ஈடுசெய்தலும் கட்டவிழ்த்தலும் அதன்பின் வரவேண்டிய படிகளாம்.